வளையம் தெரியவில்லை என்றொரு புகார்

குறையுள்ள பொருளை வாங்கியவர் முதலில் அதை விற்றவரிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். பார்த்துச் சரிசெய்ய அவருக்கு ஒரு வாய்ப்புத் தர வேண்டும். அவர் கைவிரித்த பிறகே தயாரித்தவருக்கு எழுதலாம். இந்த வரிசையைத் தாண்டி வருகிற புகாரை, உள்ளே எழுதியிருப்பது எவ்வளவு நியாயமாக இருந்தாலும், வந்த வழியே திருப்பி அனுப்ப வேண்டும். ஓய்வு பெறும்வரை ஓர் அரசாங்க அலுவலகத்தில், பயனீட்டாளர் புகார்களை வாங்கும் முகப்பில் உட்கார்ந்து நான் செய்த வேலை பெரும்பாலும் இந்தத் திருப்பி அனுப்புதல்தான். அடிபிடிக்கிற சோற்றுப் பானைக்காக நேரே அமைச்சருக்கு எழுதியவர்களை எல்லாம் பார்த்திருக்கிறேன். அவர்கள்மேல் எனக்குக் கோபம் வந்ததில்லை. எங்கள் வீட்டிலேயே அப்படி ஒருவர் இருந்தார்.

அப்பா ஒரு தொலைநோக்கியைப் பற்றிப் புகார் எழுதினார். அதை விற்ற கடை எங்கள் பக்கத்து டவுனான பிரிஞ்சாங்கில் இருந்தது. எங்கள் தோட்டத்து லோரியில் ஏறினால் ஒரு பாட்டுப் பாடி முடிப்பதற்குள் போய்விடலாம். அப்பா அங்கே போகவில்லை. ஜப்பானுக்கு எழுதினார்.

இது இப்போது நினைவுக்கு வரக் காரணம், நானே ஒரு தொலைநோக்கி வாங்கலாமா என்று சில வாரங்களாகக் கைபேசியைத் துழாவிக்கொண்டிருப்பதுதான். அதே மலையில், கம்போங் ராஜாவில் ஒரு சிறிய வீடு, பின்பக்கம் கொஞ்சம் இடம், மழை விட்ட மாலைகளில் கொஞ்சம் வானம். வாங்குவது என்று தீர்மானித்தாயிற்று. எதை நம்பி வாங்குவது என்பதுதான் தீரவில்லை. ஒரு கருவியை வானளாவப் புகழ்ந்தவர் யார் என்று பின்தொடர்ந்து போனால், அதே சொற்களில் ஒரு இஸ்திரிப் பெட்டியையும் புகழ்ந்திருக்கிறார். ஆனால் விவரம் தெரிந்தவர்கள் சொல்வது எல்லா இடத்திலும் ஒன்றுபோல இருக்கிறது. பெட்டிமேல் போட்டிருக்கும் மடங்கை நம்பாதே, முன்கண்ணாடியின் அகலத்தைப் பார், கால் ஆடாததாக எடு, முடிந்தால் முதலில் ஒரு பைனாகுலர் வாங்கிப் பழகு. படித்துக்கொண்டே வந்தவள் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஏறக்குறைய இதே வார்த்தைகளைத்தான் அன்று பிரிஞ்சாங் கடைக்காரரும் சொன்னார். அவரும் நம்பப்படவில்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் சல்லடைப் பகுதியில் இருந்தார். காய்ந்து வரும் தூளைத் தரம் பிரிக்கிற இடம் அது. நாள் முழுவதும் ஒன்றிலிருந்து இன்னொன்றைப் பிரித்துக்கொண்டிருந்தவருக்கு வீட்டுக்கு வந்த பிறகும் கை ஓயாது. கடை அரிசி, பள்ளிக்கூடத்தில் எனக்குப் போட்ட மதிப்பெண், மழை வராது என்று ரேடியோவில் சொன்னது, எதையும் ஒருமுறை சலித்துப் பார்த்துவிட்டுத்தான் ஏற்றுக்கொள்வார். அம்மா கொழுந்து எடுப்பவர். அப்பா சலித்து மிச்சம் வைத்ததை அம்மா நாக்கால் சலித்துவிடுவார்.

சித்தப்பா எங்களோடுதான் இருந்தார். அப்பாவின் ஒரே தம்பி. தாய் தகப்பன் அடுத்தடுத்துப் போனபோது அவர் அரைக்கால் சட்டை போட்ட பையன். அப்பாதான் சமைத்துப் போட்டு, குளிப்பாட்டி, பள்ளிக்கூடம் அனுப்பி வளர்த்தார். தனக்குக் கல்யாணமான அன்றே தலைவாரி விட ஒரு பிள்ளையும் சேர்த்துத் தந்துவிட்டார்கள் என்று அம்மா சொல்வார். நான் பார்க்கும் காலத்தில் அந்தப் பிள்ளைக்கு மீசை இருந்தது. இன்ஜின் ரூமில் எண்ணெய் போடுகிற வேலை. மிச்ச நேரத்தில் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் யார் வீட்டு ரேடியோ ஊமையானாலும், யார் வீட்டுக் கடிகாரம் நின்றாலும் அவரிடம் வரும். சட்டையைக் கழற்றுகிற மாதிரி ரேடியோவைக் கழற்றுவார்.

பிரிஞ்சாங்கில் ரேடியோ, கடிகாரம், டார்ச்லைட், மூக்குக்கண்ணாடி எல்லாம் விற்கிற கடை ஒன்று இருந்தது. அதை நடத்தியவர் தமிழ் முஸ்லிம் வியாபாரி, எங்களுக்கெல்லாம் பாய். சித்தப்பா பழுது பார்த்த ரேடியோ ஒன்று எப்படியோ அவர் கைக்குப் போய், அவர் அதைத் திறந்து பார்த்து, ஆளைக் கூட்டிவரச் சொல்லியிருக்கிறார். கடையில் பழுது பார்க்கிற மேசை காலியாக இருந்தது. வந்து உட்காரலாம், மேல்மாடியில் தங்க அறையும் இருக்கிறது, தைப்பூசத்துக்குள் சொல்லுங்கள் என்றார். தோட்டத்தில் பிறந்தவன் எண்ணெய்க் கறை இல்லாத சட்டை போட்டுக்கொண்டு டவுனில் உட்கார்ந்து சம்பாதிப்பது எங்கள் லயத்தில் யாருக்கும் நடக்காத விஷயம்.

அப்பா போ என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சித்தப்பாவின் ஜாதகத்தை எடுத்துக்கொண்டு டவுன் கோயில் குருக்களிடம் போனார். ஏழரைச் சனியோடு திரும்பி வந்தார்.

"எடம் மாறக் கூடாதாம். மாறுனா இருக்கறதும் போயிருமாம்."

"இருக்கறது என்னாங்க? எண்ணெ டின்னா?" என்றார் அம்மா.

சித்தப்பா எதிர்த்துப் பேசுகிற ஆள் இல்லை. சில நாள் எப்போதும் போல வேலைக்குப் போய் வந்தார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேப்பரில் வந்திருந்த ஒரு படத்தைக் கொண்டுவந்து அப்பா முன்னால் விரித்தார். வளையம் போட்ட சனிக் கிரகம்.

"அண்ணே, இந்தாளு இவ்ளோ அழகா இருக்காரு. இவரா என்னைப் புடிச்சு வெச்சிருக்காரு?"

"பேப்பர்ல என்ன வேணா போடுவான்."

"கண்ணால பாத்துட்டா?"

"எப்படிப் பாப்ப?"

"பாய் கடையில டெலஸ்கோப்பு இருக்கு லா. சேத்து வெச்ச காசு இருக்கு. வாங்கிப் பாக்குறேன். வானத்துல சுத்துற ஒரு உருண்ட, அதுக்கு ஒரு வளையம், அவ்ளோதான்னு தெரிஞ்சிட்டா நான் போறேன். நீங்க தடுக்கக் கூடாது."

அப்பா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உலகத்தில் எதையும் நம்பாத அந்த மனிதர் அப்போது சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"நான் பாக்க வேணாம். நீ பாரு. வளையம் தெரியுதுண்ணேன்னு என் முன்னாடி ஒரு வார்த்த சொல்லு. நீ சொன்னா சரி. தைப்பூசத்துக்குள்ள சொல்லணும்."

இப்படியாக, சித்தப்பாவின் வேலை சனியின் வளையத்தில் போய் மாட்டிக்கொண்டது.

அடுத்த ஞாயிறு அப்பா, சித்தப்பா, நான் மூவரும் லோரியில் போனோம். வழியில் கியா பார்மில் முட்டைக்கோஸ் ஏற்ற நிறுத்திய இடத்திலேயே அப்பா பாயைச் சந்தேகப்படத் தொடங்கிவிட்டார். கடைக்குள் நுழைந்தபோது அது முற்றியிருந்தது.

"வாங்கண்ணே, வாங்க. மொதல்ல டெலஸ்கோப்பே வேணுமான்னு யோசிங்க," என்று தொடங்கினார் பாய். "இந்த பைனாகுலர எடுத்துட்டுப் போங்க. நெலா பாக்கலாம், நட்சத்திரக் கூட்டம் பாக்கலாம். கை பழகுனப்புறம் பெருசு வாங்கலாம்."

"வளையம் தெரியுமா பாய்?" என்றார் சித்தப்பா.

"அதுல தெரியாது."

அப்பாவின் கண் வேறொரு பெட்டிமேல் இருந்தது. நீளமான பெட்டி, மேலே நானூற்றைம்பது மடங்கு என்று தங்க எழுத்து. பாய் தலையை ஆட்டினார்.

"அது வேணாண்ணே. நம்பருக்குத்தான் காசு. கண்ணாடி இத்துனூண்டு, காலு வாத்துக்காலு. தொட்டா ஆடும். ஆடுச்சுன்னா நீங்க பாக்குறது சனியா சைக்கிள் லைட்டான்னே தெரியாது லா." பிறகு மூலையிலிருந்த ஒன்றைக் காட்டினார். குட்டையான தடித்த குழல், கனமான மரக்கால்கள். "பாக்க லட்சணமா இருக்காது. ஆனா கண்ணாடி அகலம், காலு அசையாது. நூறு மடங்குன்னுதான் போட்டிருக்கான். பொய் போடல. வெலயும் கம்மி."

"கொஞ்சம் இருங்க" என்று சொல்லிவிட்டு அப்பா எங்களைக் கடைக்கு வெளியே கூப்பிட்டார். மழை தூறிக்கொண்டிருந்தது. கூரை விளிம்பில் ஒட்டி நின்றோம்.

"வெல கூடுனத வேணாங்குறான். எந்தக் கடைக்காரனாச்சும் அப்படிச் சொல்லுவானா? அந்தக் கட்டக் கொழா விக்காம கெடக்கு. நம்ம தலையில கட்டப் பாக்குறான்."

"அப்ப நம்பர் போட்டதயே எடுத்துருவோமாண்ணே?"

"அதத்தான் அவன் எதிர்பாக்குறான். வேணாம்னு சொன்னா நாம அதத்தான் புடிப்போம்னு அவனுக்குத் தெரியாதா? எத்தன பேரப் பாத்திருப்பான்."

"அப்ப எதண்ணே எடுக்குறது?"

அப்பா கடைக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"கட்டையவே எடு. அவன் நெனச்சது நடக்கக் கூடாது."

இத்தனை ஆண்டுகள் பொருள்களைப் பற்றிய சண்டைகளைக் கேட்ட பிறகு சொல்கிறேன்: அந்தக் கடையில் அந்த விலைக்கு அதைவிட நல்ல தொலைநோக்கி இருந்திருக்க முடியாது. சந்தேகம் சில சமயம் நம்மைச் சரியான கடைக்குக் கூட்டிப்போகும், சரியான பொருளையும் எடுத்துக் கையில் தரும். பிரித்துப் பார்க்க மட்டும் விடாது.

பாய் காட்சிக்கு வைத்திருந்ததை மேசைமேல் தூக்கி வைத்து, எதை எப்படிப் பிடிப்பது, எதைக் கழற்றுவது என்று காட்ட ஆரம்பித்தார். அப்பா கையை நீட்டித் தடுத்தார்.

"இது வேணாம். பிரிக்காத பெட்டியா குடுங்க."

"பெட்டிதாண்ணே தரப்போறேன். பிரிச்சு ஒரு தரம் காட்டிட்டு—"

"பிரிச்சா மாத்திருவீங்க."

பாய் கோபப்படவில்லை. நெஞ்சில் கைவைத்துச் சிரித்தார். "நாளைக்கு உங்க தம்பியே இந்த மேசையில உக்காந்து விக்கப் போறாரு. அப்பவும் பிரிக்க விட மாட்டீங்களாண்ணே?"

சித்தப்பாவும் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. பழுது பார்க்கிற அந்தக் காலி மேசையை, அதன்மேல் தொங்கிய விளக்கை, மாடிக்குப் போகிற மரப்படியை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் சின்னதாகிக்கொண்டே போனது. பாய் விலையைக் கூட்டிவிட்டார் போலும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்த பெட்டியை லயம் முழுவதும் சந்தேகப்பட்டது. தோட்டத்தில் வேலை வாங்கும் கங்காணி வந்து, துரை பங்களாவைப் பார்க்கவா, மலையில் பெண்கள் கொழுந்து எடுப்பதைப் பார்க்கவா, யார் வாங்கிக் கொடுத்தது என்று கேட்டார். சனியைப் பார்க்க என்று அப்பா உண்மையைச் சொன்னார். இவ்வளவு மோசமாக யாரும் பொய் சொல்ல மாட்டார்கள் என்று கங்காணிக்குப் பட்டிருக்க வேண்டும். சந்தேகம் கூடித்தான் போனார். பக்கத்து வீட்டு அத்தையின் கவலை வேறு. கோயிலில்கூடச் சனீஸ்வரனுக்கு நேரே நிற்காமல் கொஞ்சம் ஒதுங்கி நின்றுதானே கும்பிடுகிறோம்?

"கோயில்லயே அவரு மூஞ்சிக்கு நேரா நிக்க மாட்டோம். நீங்க கொழா வெச்சு வீட்டுக்கே இழுக்குறீங்க," என்றார் அம்மாவிடம். "நாம இந்தப் பக்கத்துலேருந்து பாக்குறது சரி அண்ணி. அந்தப் பக்கத்துலேருந்து அவரு பாத்தாருன்னா?"

"பாத்தா என்னா? நம்ம வீட்டுல பாக்க என்னா இருக்கு?" என்றார் அம்மா.

அத்தை சமாதானமாகவில்லை. எள் முடிச்சு விளக்கு ஒன்றைக் கொண்டுவந்து எங்கள் பின்வாசலில் ஏற்றி வைத்துவிட்டுத்தான் போனார்.

மலையில் வானம் கேட்டவுடன் கிடைக்காது. மார்கழி முழுவதும் மாலையானால் மூடுபனி லயத்துக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. தை பிறந்த பிறகு ஒரு மாலை, காற்று அடித்து எல்லாவற்றையும் துடைத்துக்கொண்டு போனது. இருட்டியும் இருட்டாத நேரம். அடுப்படிப் புகைகூட நேராக மேலே போயிற்று. சித்தப்பா பின்பக்கத்தில் கீரைப் பாத்தியும் கோழிக்கூடும் இல்லாத ஒரு சதுரத்தில் மரக்கால்களை நிறுத்தினார். ஒரு வெளிச்சப் புள்ளியைக் காட்டி, அதுதான் என்றார். அத்தை தன் வீட்டுக் கதவிடுக்கில் நின்றார். அம்மா சால்வையைப் போர்த்திக்கொண்டு படியில் உட்கார்ந்தார். டார்ச் என் கையில்.

அப்பா சனிக்கு நேரே நிற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அதனால் பார்க்கிற பக்கம் வராமல், குழலின் முன்பக்கத்தில், ஓரமாக ஒதுங்கி நின்றார். வானத்தைப் பார்த்திருக்கும் அந்த முனையில் ஒரு கறுப்பு மூடி. அதன் நடுவில் சோடா பாட்டில் மூடி அளவில் இன்னொரு சின்ன மூடி. அப்பா அந்தச் சின்னதை மட்டும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

சித்தப்பா கண்ணை வைத்துப் பார்த்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். பிறகு எழுந்து முன்பக்கம் வந்து, பெரிய மூடியின் விளிம்புக்குக் கையைக் கொண்டுபோனார். அங்கே அப்பாவின் கை இருந்தது.

"பனி எறங்குது. கண்ணாடி நனைஞ்சிரும். இது போதும்," என்றார் அப்பா.

பனி எங்கேயும் இறங்கவில்லை. நான் டார்ச்சை அந்தக் கையின்மேல் அடித்தேன். மூடியை உள்ளங்கையால் மூடி அழுத்திப் பிடித்திருந்தது அது. விரல் நகங்கள் வெளுத்திருந்தன. குளிர் என்று நினைத்தேன். சித்தப்பா அந்தக் கையைப் பார்த்தார், பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்தார். தன் கையை மெதுவாகப் பின்னால் இழுத்துக்கொண்டார். திரும்பிப் போய்க் குனிந்து, வெகுநேரம் பார்த்தார்.

"ஒரு புள்ளி இருக்கு."

"வளையம்?"

கோழி ஒன்று கூட்டுக்குள் புரண்டு படுத்தது.

"தெரியலண்ணே."

அப்பா மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. "நல்லதாப் போச்சு, மூஞ்சியக் காட்டல," என்று கதவிடுக்கிலிருந்து அத்தை சொன்னார். என்னையும் பார்க்கவிட்டார்கள். அரிசி நொய் ஒன்று தண்ணீருக்குள் கிடப்பது போல, மங்கலாக ஏதோ இருந்தது. அதற்கப்புறம் வந்த தெளிந்த மாலைகளிலும் அதே சின்ன மூடி, அதே நொய், அதே பதில்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. பாய் ஏமாற்றிவிட்டார், பெட்டியோடு கொண்டுபோய்த் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று குதித்தேன். அப்போது நான் கேட்டதுதான் பின்னாளில் விதியாக எனக்குப் பாடம் சொல்லித் தரப்பட்டது. அப்பா ஒப்புக்கொள்ளவில்லை.

"வித்தவன்கிட்ட கேட்டா ஒண்ணும் இல்லம்பான். செஞ்சவனக் கேக்கணும்."

பெட்டியில் இருந்த ஜப்பான் முகவரிக்கு, தோட்டத்து ஆபீசில் எழுத்து வேலை பார்த்த கிராணியைக் கொண்டு ஆங்கிலத்தில் கடிதம் எழுதினார். புகார் என்ற வகையில் அது மிக மட்டமான புகார். வாங்கிய இடம் இல்லை, எந்த வகைக் கருவி என்ற விவரம் இல்லை. சனிக் கிரகத்தின் வளையம் தெரியவில்லை, காரணம் தெரிவிக்கவும் என்று மட்டும் இருந்தது. எப்படிப் பார்த்தோம் என்பதைப் பற்றி ஒரு சொல் கிடையாது. பதில் வந்ததா என்று தினமும் பள்ளி விட்டதும் ஆபீசுக்குப் போய்க் கேட்கிற பொறுப்பை நானாகவே எடுத்துக்கொண்டேன். வீட்டில் வேறு யாரும் கேட்கவில்லை.

தைப்பூசத்துக்குக் கொஞ்சம் முன்னால், பால்குடத்துக்குச் சாமான் வாங்க அம்மா என்னை பிரிஞ்சாங்குக்குக் கூட்டிப்போனார். பாய் கடை வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"பாப்பா, வளையம் பாத்தாச்சா? சித்தப்பா என்ன சொன்னாரு?"

"தெரியல பாய். கோளாறு. அப்பா கம்பெனிக்கே எழுதிட்டாரு," என்றேன் முறைத்துக்கொண்டு.

"கோளாறா! அதுல கோளாறாக என்னா இருக்கு லா, ரெண்டு கண்ணாடி, ஒரு கொழா. எங்கிட்ட கொண்டாந்துருக்கலாமே. எப்படி வெச்சுப் பாத்தீங்க? முன்னால இருக்கிற அந்த—"

"பாய்," என்று அம்மா நடுவில் புகுந்தார். "டார்ச்சுக்கு பேட்டரி ரெண்டு குடுங்க."

டார்ச்சுக்குப் பேட்டரி போன வாரம்தான் போட்டிருந்தோம். நான் அதைச் சொல்ல வாயெடுத்தேன். அம்மாவின் கை என் தோளில் அழுத்தியது. பாய் அம்மாவை ஒரு நிமிடம் பார்த்தார். பேட்டரியை எடுத்துக் காகிதத்தில் சுற்றினார்.

"தைப்பூசம் வரைக்கும் பாக்குறேன் தங்கச்சி. அதுக்கு மேல மேசைய காலியா போட முடியாது."

"தெரியும் பாய்."

லோரியில் திரும்பும்போது அம்மா என்னைச் சால்வைக்குள் இழுத்து மூடிக்கொண்டார். ஏம்மா, அவர் என்னவோ சொல்ல வந்தாரே என்றேன். வாயை மூடிக்கொண்டு வா, குளிர்காற்று போகும் என்றார். எண்ணெய் டின்னைச் சொல்லி அப்பாவைக் கேலி செய்த அதே அம்மா.

தைப்பூசம் வந்தது. சித்தப்பா பால்குடம் எடுத்தார். அடுத்து நாங்கள் டவுனுக்குப் போனபோது, பாய் கடையின் பழுது பார்க்கிற மேசையில் விளக்கைத் தாழ இறக்கிக்கொண்டு வேறொருவர் உட்கார்ந்திருந்தார். சித்தப்பா கடைக்குள் போய் அவரிடம் ஏதோ பேசிச் சிரித்துவிட்டு வந்தார். மறுநாள் காலை எண்ணெய் டின்னைத் தூக்கிக்கொண்டு இன்ஜின் ரூமுக்குப் போனார். அப்பா அந்த வாரம் முழுவதும் தன் தட்டில் விழுந்த மீனையெல்லாம் எடுத்துச் சித்தப்பாவின் தட்டில் வைத்தார்.

கோப்பை மூடும் முன் சந்தேகத்தை எழுதி வைப்பது அலுவலக வழக்கம். என் சந்தேகம் இதுதான். கடையில் காட்சிக்கு இருந்த தொலைநோக்கியின் வாய், ஒரு சின்னத் தட்டு அளவுக்கு அகலமாகத் திறந்திருந்தது. தூளில் கலந்த ஒற்றை நார்க்குச்சி தப்பாத கண் அப்பாவுடையது. எங்கள் வீட்டுக் குழலின் வாய் சோடா மூடி அளவுதான் என்பது அந்தக் கண்ணில் படவில்லை என்று நான் நம்பத் தயாரில்லை. அம்மா தேவையில்லாமல் பேட்டரி வாங்கினார். இது வரைக்கும் விளங்குகிறது. விளங்காமல் இருந்தது சித்தப்பாதான். கட்டிலுக்கு அடியில் பூட்டு இல்லாத பெட்டியில்தான் கிடந்தது தொலைநோக்கி. அப்பா சல்லடைப் பகுதியில் இரவு முறை வேலைக்குப் போன நாள்கள் உண்டு. ஊரார் ரேடியோவை எல்லாம் பிரித்துப் போடுகிறவருக்கு ஒரு மூடியைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்று ஏன் தோன்றவில்லை? அப்போது இதை நான் கேட்கவில்லை. ஜப்பான்காரன் பதில் போடட்டும் என்று காத்திருந்தேன். எழுதியாகிவிட்டது என்றால் பதில் வந்த பிறகு எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிற வயது. அந்த நம்பிக்கையோடுதான் பிறகு அரசாங்க வேலைக்கும் போனேன்.

பதில் வந்தபோது எல்லாரும் வீட்டில் இருந்தார்கள். மெல்லிய தாளில், வெளிநாட்டுத் தபால்தலை ஒட்டிய உறை. ஆபீசிலிருந்து ஓடி வந்த மூச்சோடு நானே பிரித்தேன். வகுப்பில் ஆங்கிலம் எனக்குத்தான் நன்றாக வரும். அப்பாவும் சித்தப்பாவும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். எழுத்துக்கூட்டிப் படித்துத் தமிழில் சொன்னேன்: தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும், எங்கள் கருவிகள் எல்லாவற்றுக்கும் முன்பக்கத்தில் இரண்டு மூடிகள் உண்டு, வானத்தைப் பார்க்கும்போது சிறியதை மட்டுமல்ல, பெரியதையும் கழற்றிவிட வேண்டும், அப்படிச் செய்தும் தெரியாவிட்டால் விற்றவரை அணுகவும்.

இருவரும் ஒரு வாய் தேநீர் உறிஞ்சினார்கள். சரியாகக் காதில் விழவில்லையோ என்று இன்னொரு தரம் சத்தமாகச் சொன்னேன். கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்து, பெரிய மூடியைப் பிடித்து இழுத்தேன். திருகு இல்லை, பூட்டு இல்லை. பவுடர் டப்பா மூடியைப் போல வழுக்கிக்கொண்டு கையோடு வந்துவிட்டது. உள்ளே அகலமாக, லேசான நீலம் ஓடிய கண்ணாடி.

"சித்தப்பா! இது மட்டுந்தான்! இன்னிக்கே பாத்துரலாம்! வளையம் தெரியும்!"

அம்மா அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். அப்பா கோப்பைக்குள் குனிந்திருந்தார். சித்தப்பா எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். மூடியை என் கையிலிருந்து வாங்கி, கண்ணாடியில் விரல் படாமல், பார்க்காமலே சரியாகப் பொருத்தினார்.

"இன்னிக்குத் தெரியாது லா பாப்பா. சனி இப்ப சூரியன்கிட்ட போயிட்டாரு. மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால எறங்கிட்டே வந்தாரு, ரெண்டு வாரமா ஆளக் காணோம். மார்கழிக்கு மறுபடி மேல வருவாரு." பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். "அப்பப் பாரு. பேப்பர்ல போட்டிருந்த மாதிரி வளையம் நேரா இருக்காது. ஒரு பக்கமா சாஞ்சு இருக்கும். தொப்பிய சாச்சுப் போட்ட மாதிரி."

அப்பா தலையை நிமிர்த்தினார். சித்தப்பாவை அவர் அப்படிப் பார்த்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை. சித்தப்பா அவரைப் பார்க்காமல் தன் கோப்பையை எடுத்துக் கழுவப் போய்விட்டார். அப்பாவின் கையிலிருந்த தேநீர் ஆறி, மேலே ஆடை படர்ந்தது. எனக்கு இருவர்மேலும் கோபம். இவ்வளவு நாள் காத்திருந்து வாங்கித் தந்த பதிலுக்கு ஒரு நன்றி இல்லை. மார்கழி வரைக்கும் யார் காத்திருப்பது என்று அழுதேன். மறந்துபோவதற்குள், பெரியவர்கள் செய்கிற மாதிரி, பென்சிலை எச்சில் தொட்டு உறையின் மூலையில் எழுதி வைத்தேன்: பதில் கிடைத்தது, வைகாசி விசாகத்துக்கு மறுநாள்.